மூழ்கின பாலத்துக்கு மேலே

பொழுதோட பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் ஒரு சாண் தார் உரிந்திருந்தது.
"இன்னிக்குத் தாங்கும்" என்றார் சென்னியப்பன்.
அவர் சொன்னது எனக்குக் கேட்டது.
நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

சோமனூரில் பதினெட்டு வருசம்
எட்டுத் தறிக்கு நடுவில் நின்ற காது.
டாக்டர் ஒரு தாளில்
மலையிறக்கம் மாதிரிக் கோடு கிழித்துக் காட்டினார்.
காதுக்கு மிஷின் இருபத்தெட்டாயிரம்.
நாங்கள் பரிசல் வாங்கினோம்.

காந்தவயல் பாலம் ஆவணியிலிருந்து தண்ணிக்குள்.
பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
மோட்டார் படகில் அதைத் தாண்டுவார்கள்.
ராத்திரியில்
கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே,
வாழைத்தார் லாரி போன வழியில்,
வாளை போகும்.

துடுப்பு எனக்கு. நரம்பு அவருக்கு.
உயிர்க்கெண்டையை முதுகில் கோத்து இறக்கிவிட்டு
சுட்டுவிரல் மடிப்பில் நரம்பை ஓட்டிக்கொண்டு
உட்கார்ந்துவிடுவார்.
அறுந்த பாவு நூலைத்
தறி நிற்பதற்குள் கண்டுபிடித்த விரல்.

டார்ச் அடிக்கக் கூடாது, வாளை இறங்கிவிடும்.
இருட்டில் என் உதடும் அவருக்கு இல்லை.
அதனால் பரிசல் விளிம்பில் தட்டுவேன்.
ஒண்ணு என்றால், மெதுவா.
ரெண்டு என்றால், என்னாச்சு?
மூணு என்றால், கரைக்குப் போறோம், கேள்வி கேட்காதே.
நாலுக்கும் ஓர் அர்த்தம் உண்டு.
அது எழுதுவதற்கில்லை.

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தி கேட்பது
லேசுப்பட்ட சோலி இல்லை.
தவளை. லிங்காபுரத்து நாய்.
தோட்டத்துக் காவக்காரன் தகரம் அடிப்பது.
பட்டாசு ஒண்ணு.
பிறகு தகரம் நின்றது.

யாரோ அண்டா அண்டாவாக மொண்டு
தண்ணியைத் தண்ணியிலேயே ஊற்றினார்கள்.
பெரிய மூச்சு.
எத்தனை உருப்படி என்று பிடிபடவில்லை.
ஒன்று குட்டி,
அதன் கால் மட்டும் சேற்றில் அவசரப்பட்டது.

மூணு தட்டினேன்.
அந்த நிமிசம் பார்த்து நரம்பு ஓடியது.
"அடிக்காத அம்மணி, மாட்டிக்கிச்சு!"
காது போனவர்களுக்குத்
தங்கள் தொண்டையின் அளவு தெரியாது.
மலை அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தது.
அக்கட்டால எல்லாம் நின்றுவிட்டது,
குட்டியின் கால்கூட.

மீன் இழுத்த திசையும் அவை நின்ற திசையும் ஒன்று.
நான் எதிராகத் துடுப்புப் போட்டேன்.
முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல்
நட்டாற்றில், நடுப்பாலத்துக்கு நேர் மேலே,
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி
நின்றோம்.

அவர் கையைப் பிடித்துக் கரைப்பக்கம் நீட்டினேன்.
கையை உருவிக்கொண்டார்.
பரிசலின் அடிமூங்கிலில் உள்ளங்கையை வைத்தார்.
பிறகு என் கையைத் தேடி எடுத்து
அதே இடத்தில் அழுத்தினார்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
மூங்கிலுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது,
ரெண்டு தெரு தள்ளி இருக்கும் தறிக்கூடம்
சுவர் வழியாக வருவதுபோல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
டக்கென்று ஒரு சத்தம்.
நரம்பைப் பல்லால் கடித்துவிட்டார்.
பரிசல் என் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

விடிந்து சொசைட்டித் தராசில்
மூணு கிலோ எழுநூறு, அத்தனையும் ஜிலேபி.
கணக்குப்பிள்ளை தலை நிமிராமல் கேட்டார்:
"வாளை ஒண்ணும் இல்லீங்களா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
சென்னியப்பன், ஊருக்கே கேட்கிற மாதிரி,
"ஆறுங்க. அதுல ஒண்ணு குட்டி."

நோட்டில் ஆறு என்று எழுதி,
எங்கள் கூடையை எட்டிப் பார்த்து,
அவர் அதை அடித்தார்.